ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? கண்டிப்பும் படிப்பும் எங்கே கிடைக்கும்?

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்று ஏப்ரல், மே மாதங்களில் சொந்தக்காரர்கள் கேட்பது வழக்கம்தான். முன்பெல்லாம் பீஸ் எவ்வளவு, வேன் வருமா என்று பேச்சு ஆரம்பிக்கும். இப்போது முதல் கேள்வியே வேறு. ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கும் என் தங்கை கேட்டதை அப்படியே தருகிறேன்: "கவர்மெண்ட் ஸ்கூல்ல பசங்க வாத்தியார மதிக்கிறதே இல்லையாமேண்ணே, கண்டிச்சா அவரு மேலயே கேஸாம், அப்புறம் எப்படிப் படிப்பு வரும்?"

அவளுக்கு முன்னால் நான்கு வழி இருக்கிறது. தெருக்கோடியில் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலேயே எட்டாவது வரை விட்டுவிடலாம். பஸ் ஏறிப் போனால் அரசு மேல்நிலைப் பள்ளி. அதே ஊரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று. அப்புறம் வீட்டு வாசலுக்கே வேன் அனுப்பும் மெட்ரிக் பள்ளி. சிபிஎஸ்இ இந்தக் கணக்கிலேயே இல்லை, அந்தப் பீஸ் கட்ட முடிகிறவர்கள் என்னிடம் கேட்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு, ஆங்கிலம், அறிவியல் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தால் அதில் சேருங்கள். இல்லையென்றால் உதவி பெறும் பள்ளி. மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் வாங்குகிற சின்ன மெட்ரிக் பள்ளி கடைசி. அதிலும் 'அங்கே போனால் கண்டிப்பு இருக்கும்' என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கண்டிப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம்? என் தலைமுறையில் அப்பா பள்ளிக்கு வந்து "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவார், சாரும் அதைத் தட்டாமல் செய்வார். அந்தக் காலம் சட்டப்படியே முடிந்துவிட்டது. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் சேர்த்தே தடை செய்கிறது. 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கவும் முடியாது. பெயிலாக்குவது பற்றி 2019-ல் திருத்தம் வந்தது, 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8 வகுப்புகளில் நிறுத்தி வைக்கலாம் என்று விதியும் போட்டது, ஆனால் தமிழ்நாடு எட்டு வரை எல்லோரும் தேர்ச்சி என்பதில் உறுதியாக நின்றுவிட்டது. ஆக, அடிக்க முடியாது, பெயிலாக்க முடியாது, டிசி கொடுத்து அனுப்பவும் முடியாது. வாத்தியார் கையில் என்னதான் இருக்கிறது என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 17-ஆம் பிரிவு அரசு, தனியார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. மெட்ரிக் பள்ளியில் ஸ்கேலால் அடிக்கிற டீச்சரும் அதே சட்டத்தைத்தான் மீறுகிறார். உடல் தண்டனை ஒழிப்பு வழிகாட்டு நெறிமுறைகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் உத்தரவிட்டதும் பொதுவாகத்தான். எனவே 'அங்கே அடிப்பாங்க, இங்கே அடிக்க மாட்டாங்க' என்பதை வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமே இல்லை.

மெட்ரிக் பள்ளியில் நாம் பார்க்கிற கண்டிப்பு பெரும்பாலும் டீச்சருடையது கிடையாது, நிர்வாகத்துடையது. ஷூ பாலிஷ், டைரியில் கையெழுத்து, ஐடி கார்டு மறந்தால் ஃபைன், வரிசையாக நடப்பது. பார்க்க நன்றாக இருக்கும். டீச்சருக்கு அங்கே எவ்வளவு அதிகாரம் என்பது, ஒரு பையனை அவர் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டு, அந்தப் பையனின் அப்பா மறுநாள் ஆபீசுக்கு வந்து நின்றால்தான் தெரியும். பத்தாயிரமோ பன்னிரண்டாயிரமோ சம்பளம் வாங்குகிற, அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்றே தெரியாத அந்தப் பெண்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும், பீஸ் கட்டுகிறவரை நிர்வாகம் இழக்காது. பிள்ளைகள் இதைச் சீக்கிரமே புரிந்துகொள்கிறார்கள். ஆறாவது படிக்கிற பொடியன் "எங்கப்பாகிட்ட சொல்லுவேன்" என்று டீச்சரிடம் சொல்வது அரசுப் பள்ளியில் நடப்பதை விட இங்கேதான் அதிகம்.

அரசுப் பள்ளியில் பிரச்சினை வேறு மாதிரி. ஆசிரியர் வேலைக்கு ஆபத்து கிடையாது, ஆனால் விசாரணை, மெமோ, 17பி என்கிற துறை ஒழுங்கு நடவடிக்கை என்ற பயம் உண்டு. எவனோ ஒருவன் போனில் படம் பிடித்து அனுப்பினால் பதவி உயர்வு தள்ளிப் போகும், யூனியன் வந்து பேசினாலும் ஒரு வருடம் அலைச்சல். 2022-ல் மாணவர்கள் ஆசிரியரை மிரட்டுகிற வீடியோக்கள் சுற்றியது நினைவிருக்கும், திருப்பத்தூர் மாவட்டத்தில் நடந்தது சட்டமன்றம் வரை போய், ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்களை நீக்கி அதை டிசியிலும் எழுதுவோம் என்று அமைச்சர் சொல்லும் அளவுக்கு ஆனது. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் அரசுப் பள்ளியைப் பற்றி வைத்திருக்கிற அபிப்பிராயம் பாதி அந்த வீடியோக்களிலிருந்து வந்ததுதான். ஆனால் 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றது தனியார் நிர்வாகத்தில் நடக்கும் பள்ளியில். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டி, தடுக்கப் போன ஆசிரியையும் காயப்பட்டது தனியார் பள்ளியில். இதைச் சொல்வது தனியாரைக் குறை சொல்ல இல்லை, கேட்டுக்குள் யூனிபார்ம் பளிச்சென்று இருந்தால் பயமில்லை என்ற நம்பிக்கை தப்பு என்று காட்டத்தான்.

அரசுப் பள்ளியில் வகுப்பு எப்போது கையை மீறிப் போகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று தெரியும். ஆசிரியர் நிற்கிற வகுப்பில் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. மூன்றாவது பீரியட் கணக்கு, சார் பயிற்சிக்குப் போயிருக்கிறார். நாலாவது பீரியட் ஆங்கிலம், அந்த இடம் காலி. பக்கத்து வகுப்புத் தமிழம்மா இரண்டு வகுப்புக்கும் நடுவில் வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணால் இதையும் ஒரு கண்ணால் அதையும் பார்க்கிறார். பத்து நிமிடத்தில் பேப்பர் ராக்கெட், இருபதாவது நிமிடத்தில் சண்டை. அடுத்த பீரியடுக்கு வருகிற ஆசிரியர் முதல் கால் மணி நேரத்தை அந்தப் பஞ்சாயத்துக்கே செலவழிக்கிறார். அந்த அம்மாவை விட்டால் அந்த நேரத்தில் அங்கே வேறு ஆள் கிடையாது, கையில் பிரம்பு கொடுத்தாலும் இரண்டு வகுப்பை அவரால் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. அதனால்தான் கண்டிப்பு, தரம் என்று இரண்டு கவலையாகப் பெற்றோர் சொல்வது என் பார்வையில் ஒன்றே ஒன்று: வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா?

இருக்க விடாத வேலைகள் நிறைய. எமிஸ் என்கிற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, பயிற்சி, வாக்காளர் பட்டியல். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இவற்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் தேர்தல் என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு அடங்கும் என்பதை ஆசிரியர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

தரம் என்று வந்தால், காகிதத்தில் அரசு ஆசிரியரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) ஞாபகமிருக்கிறதா, எழுதிய லட்சக்கணக்கானவர்களில் 1 சதவீதம் கூடத் தேறவில்லை, ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று மறுதேர்வில் மூன்று மணி நேரமாக்கினார்கள். அப்புறம் 2018-ல் டெட் தேறினாலும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்று ஆணை வந்தது. இவ்வளவு சல்லடையில் சலித்து வருகிற பட்டதாரி ஆசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். பக்கத்து மெட்ரிக்கில் அதே பாடம் நடத்துகிறவர் வாங்குவது அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம், பலர் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே அங்கே வேலை பார்க்கிறார்கள், தேறியதும் பாதி வருடத்தில் போய்விடுவார்கள். பிள்ளைக்கு ஒரே வருடத்தில் மூன்று கணக்கு டீச்சர் மாறுவது அங்கே சாதாரணம்.

டெட் வருவதற்கு முன்பே வேலையில் சேர்ந்த மூத்தவர்கள் கதை தனி. ஐந்து ஆண்டுக்கு மேல் பணிக்காலம் மிச்சமிருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் சொல்லிவிட்டது, தமிழக அரசு சீராய்வு மனு போட்டது. இருபது வருடம் கணக்கு நடத்தியவர் இப்போது வழிகாட்டிப் புத்தகத்தோடு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது. டெட் தேறியவர் எல்லாம் நல்ல ஆசிரியர், தேறாதவர் எல்லாம் மோசம் என்று நான் நம்பவில்லை. ஆனால் பெற்றோராக நம்மால் வெளியிலிருந்து பார்க்க முடிகிற அளவுகோல் வேறு என்ன இருக்கிறது?

ரிசல்ட் என்பீர்கள். 2025 பிளஸ் டூ தேர்ச்சியில் அரசுப் பள்ளிகள் ஏறத்தாழ 92 சதவீதம், உதவி பெறும் பள்ளிகள் 96-க்குக் கொஞ்சம் கீழே, தனியார் 99-ஐ ஒட்டி. இதைப் பார்த்து முடிவெடுப்பது சரியாக இருக்காது, ஏனென்றால் வடிகட்டல் முன்பே நடந்துவிடுகிறது. எட்டு வரை யாரையும் அனுப்ப முடியாது, ஆனால் ஒன்பதாவது முடியும்போது "பையன் டென்த்ல சிரமப்படுவான், வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்று பக்குவமாகச் சொல்லி டிசியை நீட்டும் பள்ளிகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பிள்ளைகள் வந்து சேருவது அரசுப் பள்ளியில். இவர்களையும் சேர்த்துக்கொண்டு 92 வருவதைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். இன்னொன்று, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் நேராகப் பன்னிரண்டை இரண்டு வருடம் உருப்போட வைக்கும் பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு வந்தது. 2025-ல் அதை எடுத்துவிட்டார்கள். மெட்ரிக்கில் சேர்க்கிறவர்கள் இப்போதே இதையும் யோசிக்க வேண்டும், ஐந்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைக்கு இது வரும்.

உதவி பெறும் பள்ளிகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன, பல ஊர்களில் பழைய பெயர் பெற்றவை. சம்பளம் அரசு தருகிறது, ஆளை எடுப்பது நிர்வாகம். ஆசிரியர்கள் மாறுதல் கலந்தாய்வில் ஓடிப்போக மாட்டார்கள், முப்பது வருடம் ஒரே பள்ளியில் இருப்பார்கள், அப்பாவுக்குப் பாடம் எடுத்தவரே பிள்ளைக்கும் எடுப்பார். அதனாலேயே அங்கே ஆசிரியர் சொல்லுக்கு மரியாதை மிச்சமிருக்கிறது, தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்குகிற பையன்கள் இன்னும் உண்டு. ஆனால் ஆள் எடுப்பதில் தாளாளரின் சொந்தமும் சாதியும் புகுவது ஊரறிந்த விஷயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள், பள்ளியில் நடந்த தொல்லையைப் பற்றி அவன் புகார் சொன்ன பிறகு நடந்தது அது. அதன் பின் அமைத்த ஓய்வு நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், கையில் சாதிக் கயிறு கட்டத் தடை மட்டுமல்ல, ஒரு பகுதியில் ஆதிக்கமாக இருக்கும் சாதிக்காரரை அங்கேயே தலைமை ஆசிரியராகவும் கல்வி அலுவலராகவும் போடக் கூடாது என்ற பரிந்துரையும் இருந்தது. நம் பிள்ளையிடம் ஒருவன் வம்பு செய்தால் அதைப் போய்ச் சொல்ல ஒரு டீச்சர் இருக்கிறாரா, சொன்ன பிறகு பிள்ளை பத்திரமாக இருக்குமா? ஆசிரியர் அதிகாரம் என்றால் எனக்கு முதலில் இதுதான், மயிர் வெட்டும் ஷூவும் அப்புறம். தென் மாவட்டத்தில் இருக்கிறவர்கள் பள்ளி வகையைப் பார்க்காமல், பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

நடுநிலைப் பள்ளி பற்றிச் சுருக்கமாக. ஆறு முதல் எட்டு வரைக்குச் சட்டப்படி 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், அறிவியல் கணக்குக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவராவது இருக்க வேண்டும். மூவரும் இருந்தால் சின்ன வகுப்பு, ஒவ்வொரு பிள்ளையின் வீடும் ஆசிரியருக்குத் தெரியும், அருமையான இடம். ஒருவர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு படிப்பு போச்சு. அவ்வளவுதான்.

இனி நேரில் போய்ப் பார்ப்பது. அரசுப் பள்ளி என்றால் ஹெச்.எம். அறைக்குப் போங்கள், நிறையப் பள்ளிகளில் சுவரில் ஒரு பலகை இருக்கும்: அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், காலி. பாடவாரியாகப் பாருங்கள். பலகை இல்லையென்றால் கேளுங்கள், பெற்றோருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. அடுத்து அங்கே ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற தெரிந்த பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்குங்கள். தேதி தொடர்ச்சியாக இருக்கிறதா, தப்பான கணக்கைச் சுழித்துப் பக்கத்தில் திருத்தியிருக்கிறதா, அல்லது எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி சிவப்பு டிக்கும் கையெழுத்தும் மட்டும்தானா? ஒரு வழியைத் தப்பாகப் போட்டு விடை மட்டும் சரியாக வந்திருக்கும் கணக்குக்கும் டிக் விழுந்திருந்தால் அந்த நோட்டை யாரும் படிக்கவில்லை. மெட்ரிக் நோட்டுகளில் இதை அதிகம் பார்க்கலாம், எழுத்து முத்து முத்தாக இருக்கும், போர்டில் இருந்து அப்படியே இறங்கியதாக இருக்கும். புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியைத் தவிர வேறு ஒன்றைக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அரை மணி நேரம் நின்றாலும் போதும், ஆசிரியர்கள் பிள்ளைகளோடு பேசிக்கொண்டு வெளியே வருகிறார்களா, மணி அடித்ததும் பைக்கைக் கிளப்புகிறார்களா என்று தெரியும்.

சரி, பணக் கணக்கு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் வந்தது, அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் சேர்த்தி. உதவி பெறும் பள்ளி சேராது. இதைத் தெரியாமல் ஆறாவதில் உதவி பெறும் பள்ளியில் சேர்த்துவிட்டு, பிளஸ் டூவில் வந்து கேட்கிற பெற்றோர் ஏராளம். கல்லூரி போனபின் மாதம் ஆயிரம் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மட்டும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் படிக்கிற பிள்ளை எட்டு முடித்து ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தால் 7.5-க்குத் தகுதி உண்டு. அந்த 25 சதவீதம் எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பில் மட்டும்தான், ஆறாவதில் போய்க் கேட்டுப் பயனில்லை.

மெட்ரிக்குக்காக ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிற அம்மா அப்பா, ஆறரை மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பஸ் வசதி இல்லாத ஊர், அதிலும் பெண் பிள்ளை என்றால் வேனுக்கும் ஸ்டடி ஹவருக்கும் பணம் கொடுப்பது தப்பில்லை. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். நல்ல ஆசிரியரைத் தக்கவைக்கிற மெட்ரிக் பள்ளிகளும் இருக்கின்றன, அடையாளம் சுலபம்: ஐந்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பெயரோடு சொல்வார்கள். பூசி மெழுகினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கைக்குச் சொன்னது இதுதான். மேல்நிலைப் பள்ளிக்குப் போய்ப் பலகையைப் பார்த்தாள், அறிவியலும் ஆங்கிலமும் இருக்கிறது, கணக்கு இடம் காலி. பதறிப் போய் மெட்ரிக்கில் அட்மிஷன் போடலாமா என்றாள். மாறுதல் கலந்தாய்வு முடிந்தால் அந்த இடம் நிரம்ப வாய்ப்பு உண்டு, நிரம்பாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஆள் போடுவார்கள், அந்தக் குழுவில் சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், அதில் அவளே உட்கார்ந்து கேட்கலாம், மசியவில்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் போன் போடலாம் என்றேன். அரசுப் பள்ளியில் ஜூன் தாண்டி வந்தாலும் சேர்த்துக்கொள்ள மறுக்க முடியாது, 15-ஆம் பிரிவு இருக்கிறது. மெட்ரிக்கில் மே மாதமே முதல் டேர்ம் பீஸ் கட்டச் சொல்வார்கள், கட்டினால் அது திரும்பி வராது. அதனால் ஜூன் மூன்றாவது வாரம் வரைக்கும் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.